தாமானுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? அக்கம்பக்கக் காவலை இப்படித் தொடங்குங்கள்

செந்தூல், செகாம்புட், கெப்போங், செத்தாப்பாக் என்று கோலாலம்பூரின் பழைய தாமான் (வீடமைப்புப் பகுதி) எதற்காவது இப்போதுதான் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் குறுகலான சந்து. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

அக்கம்பக்கக் காவல் என்றதும் பலருக்கு இரவில் டார்ச் லைட்டோடு திருடனைத் துரத்தும் படம்தான் மனதில் வரும். அது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. லோரோங்கில் (நம் சிறு தெருவில்) யார் யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று நாலு பேருக்காவது தெரிந்திருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. ஒருவரை ஒருவர் தெரியாத லோரோங்கில் நோட்டம் பார்க்க வருபவன் பயமில்லாமல் நடப்பான். யாராவது வாசலில் நின்று “யாரைத் தேடுறீங்க?” என்று கேட்கும் லோரோங்கில் அவன் நிற்க மாட்டான்.

முதல் வாரம்

முதலில் உங்கள் வீடு எந்தப் போலீஸ் நிலையத்தின் கீழ் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பக்கத்தில் இருக்கும் பாலாய்தான் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். கெப்போங் பக்கம் ஒரு சாலையைத் தாண்டினால் சிலாங்கூர் வந்துவிடும். அங்கே மாநகர் மன்றத்துக்குப் பதில் வேறு நகராட்சி, போலீஸ் மாவட்டமும் வேறு. அதனால் ஒரு நாள் மைகாட் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கேளுங்கள்: “இந்தத் தாமான் உங்கள் பொறுப்பில் வருகிறதா, நேரடித் தொலைபேசி எண் என்ன?” கேட்டால் சொல்வார்கள். அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து, ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டுங்கள். ஆபத்து நேரத்தில் கைப்பேசியைத் திறக்கத் தெரியாத பாட்டியும் வீட்டில் இருக்கிறார் இல்லையா?

உயிர் ஆபத்து, தீ, திருட்டு நடந்துகொண்டிருக்கிறது என்றால் 999. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே எண்தான். எடுப்பவர் முதலில் எந்த உதவி வேண்டும் என்று கேட்பார், அப்புறம் முகவரி. தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். வீட்டு எண், லோரோங், தாமான், அஞ்சல் குறியீடு, கூடவே ஓர் அடையாளம், எல்லாவற்றையும் மலாயில் ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். “மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்” என்று நாம் சொல்வது ரோந்து வண்டியில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். பெட்ரோல் நிலையம், பள்ளிக்கூடம், சூராவ் (சிறிய தொழுகை இடம்) ஆகியவை எல்லோருக்கும் தெரியும். வீட்டு எண் பலகை இரவில் தெரிகிறதா என்று சாலையில் நின்று பாருங்கள். பல வீடுகளில் ஜாடிச் செடி அதை மறைத்துக்கொண்டு நிற்கும்.

அதே வாரத்தில் இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு, எதிரே ஒன்று, பின்சந்துக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தட்டு முறுக்கு கொண்டுபோனால் வேலை சுலபம். சீன அங்கிளோ மலாய் மக்சிக்கோ யாராக இருந்தாலும் சரி, முறுக்கை வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

வீடு

கிரில், பூட்டு, அலாரம் பற்றி விற்பவர்கள் நிறையச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாததை மட்டும் சொல்கிறேன்.

வரிசை வீட்டில் முன்பக்கத்துக்கு எல்லோரும் காசு செலவழிப்பார்கள். பின்பக்கம் சமையலறை ஜன்னலும் துருப்பிடித்த கதவும் அப்படியே இருக்கும். பின்சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை, விளக்கும் குறைவு. பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அங்கே ஒருவன் வேலியேறினால் பார்க்க யாருமில்லை. ஏணி, பழைய மேசை, ஏர்கான் பெட்டி என்று ஏறிப் போக வசதியாக நாமே வைத்திருக்கும் பொருள்கள் எத்தனை என்று ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

கிரில் பூட்டின் சாவி எங்கே தொங்குகிறது? ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கினால் வெளியிலிருந்து ஒரு கம்பியை விட்டு எடுத்துவிடலாம். அதற்குப் பயந்து மாடி அலமாரியில் பூட்டி வைத்தால் தீப்பிடிக்கும்போது வீடே கூண்டாகிவிடும். கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கைக்கும் கம்பிக்கும் எட்டாத ஓர் இடம், அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடமாக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளையே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொள்ளையர்கள் காத்திருப்பது பெரும்பாலும் இந்த நேரத்துக்குத்தான். காலையில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பிள்ளையின் பையை எடுக்க உள்ளே போவோம், சாவி காரிலேயே இருக்கும். மாலையில் வீட்டு முன் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தே கைப்பேசியைப் பார்ப்போம். இரண்டும் வேண்டாம். வரும்போது உங்கள் லோரோங்கில் திரும்புவதற்கு முன்பே கண்ணாடியில் பின்னால் பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிள் தொடர்கிற மாதிரி இருந்தால் வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். ஆள் நிறைந்த மாமாக் கடைக்கோ பாலாய்க்கோ போய் நிறுத்துங்கள். தானியங்கி கேட் இருந்தால் கார் உள்ளே வந்து கேட் முழுதாக மூடிய பிறகே கார்க் கதவைத் திறக்க வேண்டும்.

தெருவில் நடக்கும்போது வாகனங்களை எதிர்நோக்கி நடங்கள், பை சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும். கோயிலுக்கு நடந்து போகிற பெண்கள் தாலிச் சங்கிலியைச் சேலை முந்தானைக்குள் விட்டுக்கொள்வது நல்லது. ஒருவேளை பறித்தால் விட்டுவிடுங்கள். மோட்டாரில் போகிறவனோடு பையை இழுத்துப் பிடித்து, சாலையில் தலை மோதி இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு.

தெருவின் கால அட்டவணை

குப்பை லோரி எந்தக் கிழமை வரும், ரொட்டி மோட்டார் எத்தனை மணிக்கு ஹார்ன் அடிக்கும், பழைய பேப்பர் வாங்கும் லோரி எப்போது ஒலிபெருக்கியோடு சுற்றும், பள்ளி வேன் எங்கே நிற்கும், இதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அட்டவணை தெரிந்தால்தான் அதற்கு வெளியே நடப்பது கண்ணில் படும். ஒரே கார் மூன்றாம் தடவை மெதுவாகப் போகிறது. பூட்டிய வீட்டின் மணியை ஒருவர் அடித்துவிட்டு உடனே பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிறார். தண்ணீர் மீட்டர் பக்கத்தில் சீருடை இல்லாத ஆள் ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார். இவை குறித்துக்கொள்ள வேண்டியவை.

வேலைக்காக வீட்டுக்குள் வர வேண்டும் என்று யார் கேட்டாலும், மின்சார வாரியம் என்றாலும் கொசு மருந்து என்றாலும், கேட் பூட்டியே இருக்க அடையாள அட்டையைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். வந்தவர் கொடுக்கும் எண்ணில் கூப்பிட வேண்டாம், பில்லில் இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். நிஜ ஊழியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேட்டில் சாக்பீஸ் குறி போட்டு வைத்திருக்கிறார்கள், அது திருடர்களின் ரகசிய மொழி என்று படம் ஒன்று வருடா வருடம் சுற்றும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. குழந்தைகள் கிறுக்கியிருக்கலாம், கேபிள் போட வந்தவர்கள் அளவு குறித்திருக்கலாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று. மனிதரின் நிறத்தையும் நாட்டையும் பார்த்துச் சந்தேகப்படுவது காவல் ஆகாது. மாலையில் தெருமுனையில் நம் பையன்கள் நாலு பேர் நின்று பேசினால் “இந்திய இளைஞர்கள் கூட்டம், சந்தேகமாக இருக்கிறது” என்று பக்கத்துத் தாமான் குழுவில் படம் போடுகிறார்கள், நமக்குக் கோபம் வருகிறது. வேலை முடிந்து நடந்து வரும் வங்காளதேசத் தொழிலாளியை நாமும் அதேபோலப் படம் எடுத்துப் போடுகிறோம். அந்த ஆளுக்கு நம் லோரோங் வழியாக நடந்து போக எல்லா உரிமையும் உண்டு. என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். செய்தது ஒன்றும் இல்லையென்றால் எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப் குழு

இது இல்லாத தாமான் இல்லை. உருப்படியாக இருக்கும் குழு குறைவு. காரணம் எளிது: காலை வணக்கப் பூ, பிறந்தநாள் வாழ்த்து, கட்சிச் சண்டை எல்லாம் ஒரே குழுவில் வந்தால் எல்லோரும் ஒலியை அணைத்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு உண்மையான செய்தி வரும்போது பார்க்க ஆள் இருக்காது. இரண்டு குழு வையுங்கள். ஒன்று அரட்டைக்கு. இன்னொன்று அவசரத்துக்கு மட்டும், அதில் ஒலியை அணைக்கக்கூடாது என்பது நிபந்தனை.

அவசரக் குழுவில் செய்தி இப்படி இருக்கட்டும்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பார்த்தீர்கள், வண்டி எண், எந்தப் பக்கம் போனது, போலீஸைக் கூப்பிட்டாயிற்றா. கடைசியில் உள்ளது மிக முக்கியம். முப்பது பேர் படித்துவிட்டு, வேறு யாராவது 999 அடித்திருப்பார்கள் என்று முப்பது பேரும் நினைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

கலப்புத் தாமானில் தமிழில் மட்டும் குழு வைத்தால் பாதிக் கண்கள் போய்விடும். மலாயில் எழுதுங்கள். மலாய் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்குத் தமிழில் குரல் பதிவு போட ஒருவரை ஒதுக்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்க்காமல் விடுவது இன்னொரு தவறு, பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரியாமல் ஒருவரின் முகத்தைப் போட்டுத் திருடன் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும், அட்மின் தலையும் உருளும். “நாங்கள் ஒரு வாரம் லங்காவி போகிறோம்” என்று குழுவில் சொல்வதும் வேண்டாம். அது நாலு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ருக்குன் தெத்தாங்காவும் ரோந்தும்

நம் நாட்டில் இதற்கென்றே அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. ருக்குன் தெத்தாங்கா என்னும் அந்த அக்கம்பக்க அமைப்பு 1975இல் தொடங்கியது. அன்று ஆண்கள் முறை வைத்துக் கட்டாயமாக இரவுக் காவலுக்குப் போக வேண்டியிருந்தது. வயதான அங்கிள்களிடம் கேட்டால் அந்தக் காவல் கொட்டகைக் கதைகளை மணிக்கணக்கில் சொல்வார்கள். இன்றைக்கு 2012ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் கீழ் இது நடக்கிறது, சேர்வது விருப்பம்தான். இதன் கீழ் வருவதுதான் எஸ்ஆர்எஸ் என்னும் தன்னார்வ ரோந்துத் திட்டம்.

உங்கள் பகுதியில் குழு இருக்கிறதா என்று பாருங்கள். சமூக மண்டபத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும், இல்லையென்றால் தேசிய ஒற்றுமை இலாகாவின் அலுவலகத்தில் கேட்கலாம். இருந்தால் அதிலேயே சேருங்கள். போட்டியாக இன்னொன்று தொடங்க வேண்டாம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு காவலே நின்றுபோன இடங்கள் உண்டு. பதிவில்லாமல் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே மாதிரி டீசட்டை போட்டுக்கொண்டு சாலையில் வண்டிகளை நிறுத்தி விசாரிப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பார்க்கிறவருக்கு நீங்கள்தான் குண்டர் கும்பலாகத் தெரிவீர்கள்.

ரோந்து போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாகப் போகக்கூடாது. ஒளிரும் மேலாடை, டார்ச், விசில், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி போதும். பாராங் கத்தி, இரும்புக் குழாய் எதுவும் வேண்டாம். பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், “தாமானைக் காக்கத்தான்” என்ற பதில் எடுபடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போகாதீர்கள். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் பாலாய்க்கு ஒரு தகவல் கொடுங்கள்.

இரவு ரோந்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் பகலை மறந்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற அங்கிள்களும் வீட்டில் இருக்கும் அக்காக்களும் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் லோரோங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே அது பெரிய காவல். சர்க்கரைக்கும் நல்லது.

சாலையில் எரியாத விளக்கு இருந்தால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சார வாரியத்தின் கம்பம் என்றால் 15454, மற்றது மாநகர் மன்றம். கம்ப எண் இல்லாமல் “எங்கள் தெருவில் இருட்டு” என்று மட்டும் சொன்னால் யாரும் வந்து பார்க்க முடியாது.

ஜாகா (காவலாளி) வைப்பதா?

கொஞ்சம் வசதியான தாமான்களில் அடுத்த பேச்சு இதுதான்: ஜாகா வைத்து, சாலையில் தடுப்புக் கம்பம் போடலாம். வரிசை வீட்டுத் தாமானின் சாலை பொதுச் சாலை. மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் அதில் எதையும் நட முடியாது. காவலர் நிறுவனம் 1971ஆம் ஆண்டு தனியார் முகவை நிறுவனச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், கையெழுத்திடும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். சந்தா கட்டாதவரை உள்ளே விடாமல் நிறுத்த ஜாகாவுக்கு அதிகாரம் இல்லை. கோத்தா டாமன்சாரா குடியிருப்பு ஒன்றில், காவல் சாவடியும் தடுப்புக் கம்பமும் வழியை மறிப்பதாக ஒரு குடியிருப்பாளர் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2015இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. அவர் தானே கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது வெறும் அசௌகரியமே, வழிமறிப்பு ஆகாது என்றார்கள். ஆக, சந்தா கட்டுகிறவருக்குக் காவலர் திறந்துவிடலாம், கட்டாதவர் தானே திறந்து போகலாம், போக வழி மட்டும் இருந்தாக வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும்தான்.

சண்டை எப்போதும் பணத்தில்தான் வரும். எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று மாதாமாதம் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கணக்குக் காட்டும் குழுவுக்குச் சந்தா தானாக வரும்.

அடுக்குமாடி என்றால் காவலர் விஷயம் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் கையில். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். நடைபாதையை மறித்துக் கிரில் போட்டு, அதற்குள் செருப்பு அலமாரியும் சைக்கிளும் வைக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. புகை சூழ்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் ஓட வேண்டிய வழி அது.

கண்ணெதிரே நடந்தால்

கதவைப் பூட்டுங்கள், 999ஐக் கூப்பிடுங்கள், விளக்குகளைப் போடுங்கள், சத்தம் எழுப்புங்கள். வண்டி எண், உடை, தலைக்கவசத்தின் நிறம், போன திசை ஆகியவற்றைப் பாருங்கள். துரத்த வேண்டாம்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சாதாரண மனிதருக்கும் கைது செய்யும் அதிகாரம் தருகிறது. ஆனால் குற்றம் உங்கள் கண்முன்னே நடந்திருக்க வேண்டும், அது ஜாமீனில் விட முடியாத, வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய வகையாக இருக்க வேண்டும், பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி வைத்து ஆளுக்கு ஓர் அடி அடிப்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அடித்தவர்களும் நீதிமன்றத்தில் நிற்பார்கள், வீடியோ எடுத்தவரின் கைப்பேசியே சாட்சியாகும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ அடிவாங்கும் சத்தம் கேட்டால் “குடும்ப விஷயம்” என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். அதுவும் தாமான் பாதுகாப்புதான். ஆபத்து உடனடி என்றால் 999, இல்லையென்றால் தாலியான் காசே உதவி எண் 15999. குடும்ப வன்முறைக்கென்று 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத திருடன் தொலைபேசியில் வருவான். போலீஸ் பேசுகிறோம், நீதிமன்றம் பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் என்பான். தனியாக இருக்கும் மூத்தவர்கள்தான் அவன் இலக்கு. பணம் போய்விட்டால் வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் உடனே கூப்பிட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சந்தேகமான வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

போலீஸ் புகார்

வீடு உடைக்கப்பட்டிருந்தால் உள்ளே எதையும் தொடாமல், பெருக்காமல், வெளியே வந்து கூப்பிடுங்கள். புகாரை நாட்டின் எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம். என்ன போனது என்ற பட்டியல், நகை ரசீது, கைப்பேசியின் ஐஎம்இஐ எண் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கேமரா இருந்தால் பதிவை அன்றே வேறு இடத்தில் நகலெடுங்கள். சில நாளில் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

நீங்கள் சொல்வதை மலாயில் எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், முடியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நகலையும் விசாரணை அதிகாரியின் பெயர், எண்ணையும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அதற்கப்புறம் பலர் “ஒன்றும் நடக்கவில்லை” என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிப் புகார் கொடுத்து நாலு வாரம் ஆகியிருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் நீங்கள் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், புகார் எண்ணைக் குறிப்பிடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அரசாங்க வழக்கறிஞரிடம் முறையிட வழி உண்டு.

பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்குப் பாதி லோரோங் பேராக்குக்கும் கெடாவுக்கும் கிளம்பிவிடும். தைப்பூசத்தன்று இரவு முழுக்கப் பத்துமலையில் இருப்போம். கல்யாணத்துக்கு வீட்டில் உள்ள நகையோடு மொத்தக் குடும்பமும் மண்டபத்தில் இருக்கும், வீட்டு முன் கட்டிய வாழைமரம் வேறு “யாரும் இல்லை” என்று ஊருக்கே சொல்லும். வீடு காலியாக இருக்கும் நாள் மற்றவர்களுக்கும் தெரியும்.

ஊருக்குப் போகிறவர்கள் தகவல் கொடுப்பதற்கென்று போலீஸ் நிலையத்தில் ஒரு பாரம் இருக்கிறது. வீட்டு முகவரி, எத்தனை நாள், தொடர்பு எண் எழுதிக் கொடுத்தால் ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள். விளக்கை இரவும் பகலும் எரியவிடாதீர்கள், பகலில் எரியும் விளக்கே ஆள் இல்லை என்று காட்டிக்கொடுக்கும். சில வெள்ளிக்கு டைமர் கிடைக்கும், அதைப் போடுங்கள். வாசலில் சேரும் பார்சலையும் விளம்பரத் தாளையும் எடுத்து வைக்கவும், தன் இரண்டாவது காரை உங்கள் வாசலில் நிறுத்தவும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். திரும்பும் நாளை அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற உங்கள் மைத்துனர் வருவார் என்றால் அவர் பெயரும் கார் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அங்கிள் டார்ச் அடித்து அவரைத்தான் அரை மணி நேரம் விசாரித்துக்கொண்டிருப்பார்.